கடிதம் எழுதுகிறவனுக்குப் பின்னால் ஒரு கிளாரினெட்

பெரியப்பாவின் மேல் வரிசையில் இப்போது நான்கு பல்தான் மிச்சம். கட்டுப்பல் வாங்கிக் கொடுத்தோம், சாப்பிடும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறார். கிளாரினெட் வாசிக்கிறவனுக்கு மேல் பல் முக்கியம். மவுத்பீஸின் மேல்பக்கத்தில் பல்லை ஊன்றி, கீழுதட்டை உள்ளே மடித்து ரீடுக்கு, அதாவது அதிர்ந்து சத்தம் தருகிற மெல்லிய நாணல் பட்டைக்கு, மெத்தையாக வைத்துத்தான் ஊத வேண்டும். பல் ஆடினால் சுருதியும் ஆடும். அதனால் அவருடைய வாத்தியம் பல வருடமாக என் கடையில், ஸ்பேனர் டப்பாவுக்கு மேல் தட்டில், பழைய வேட்டியில் சுற்றியபடி இருக்கிறது.

என் கடை தருமபுரியில், பென்னாகரம் ரோட்டில். மோட்டார் காயில் கட்டுகிறேன். எங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர் மோட்டார் கருகுவது நிற்கிற வரைக்கும் எனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. காயில் சுற்றும்போது எண்ண வேண்டும். அறுபத்தி நாலு சுற்று என்றால் அறுபத்தி நாலுதான். பாட்டு போட்டால் வார்த்தை குறுக்கே வந்து எண்ணிக்கையைத் தின்றுவிடும். முப்பத்தெட்டா முப்பத்தொன்பதா என்று சந்தேகம் வந்துவிட்டால் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் கடையில் வாத்திய இசை மட்டும்தான் ஓடும். பெரும்பாலும் ஏ.கே.சி. நடராஜன். திருச்சிக்காரர், 2008-ல் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ. ராணுவ பேண்டோடு இந்த நாட்டுக்குள் வந்த குழாயில் தோடி ஆலாபனை செய்து, அதைக் கச்சேரி மேடையில் நாதஸ்வரத்துக்குச் சமமாக உட்கார வைத்தவர்.

ஒரு நாள் நடராஜனுக்கு அடுத்து போன் தானாகவே வேறு ஏதோ ஓட்டியது. கையில் கம்பி இருந்ததால் மாற்ற முடியவில்லை. பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று இரண்டு அதட்டு அதட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அப்புறம் ஒற்றைக் கிளாரினெட். முதலில் நிதானமாக ஒரு பாட்டு. அது பாட்டுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எங்கோ யாரோ வார்த்தையோடு பாடியது இது என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. பிறகு அதே பாட்டைப் பொடிப்பொடியாக நறுக்கி, படி ஏறி இறங்கி, கடைசியில் கேட்கிறவனுக்கே மூச்சு வாங்குகிற வேகத்தில் முடித்தார்கள். எண்ணிக்கை தப்பவில்லை. காயிலைக் கட்டி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னவென்று பார்த்தேன். லூயிஜி பாஸி என்பவர் எழுதிய 'ரிகொலெட்டோ' ஃபேன்டசியா. 'ரிகொலெட்டோ' என்பது வெர்டி என்ற இத்தாலிக்காரரின் ஆப்பரா, முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம். அப்படி ஒரு ஆப்பராவின் பாட்டுகளை எடுத்து வாத்தியத்துக்காக விரித்து எழுதினால் அது ஃபேன்டசியா.

இந்த வகைப் படைப்புகளின் பின்கதை எனக்குப் பிடித்துப்போனது. பாஸி 1833-ல் பிறந்து 1871-ல் இறந்தவர். மிலான் நகரத்து லா ஸ்காலா ஆப்பரா அரங்கத்தில் முதன்மைக் கிளாரினெட் அவர்தான். ஆப்பராவில் வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால், கீழே உட்கார்ந்திருப்பார்கள். சனம் பார்ப்பது மேலே நிற்கிற பாடகியை. கீழே இருக்கிறவன் ராத்திரி ராத்திரி அவளுக்குத் துணை வாசிக்கிறான், அவள் எங்கே மூச்செடுக்கிறாள், எந்தச் சொல்லில் இழுக்கிறாள் என்று எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பிறகு ஒரு நாள் அவள் பாட்டைத் தான் எடுத்துக்கொண்டு தனிக் கச்சேரியில் வந்து நிற்கிறான். பாஸி செய்தது அதுதான். அவருக்கு முன்னால் அதே லா ஸ்காலாவில் எர்னெஸ்டோ கவல்லினி, வயலின் வித்தகர் பகனினியின் பெயரால் கிளாரினெட்டின் பகனினி என்று பெயர் வாங்கியவர். டொனாட்டோ லொவ்ரேலியோ வெர்டியின் இன்னொரு ஆப்பராவான 'லா டிராவியாட்டா'விலிருந்து ஒரு ஃபேன்டசியா எழுதினார். பாஸியும் லொவ்ரேலியோவும் எழுதியது பியானோ துணைக்குத்தான். பின்னால் வந்தவர்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்துக்கொண்டார்கள். இன்னொரு வகையும் உண்டு. வேடிக்கை காட்டாமல், ஆரியாவை அப்படியே எடுத்துக் குரலின் இடத்தில் கிளாரினெட்டை வைப்பது. ஆரியா என்றால் ஆப்பராவில் கதை நின்று, ஒருவர் தன் மனசைத் திறந்து பாடுகிற தனிப்பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை இதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் இருபது வயதிலிருந்து ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட். பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், ஓசூர் என்று இந்தப் பக்கத்தில் அவர் ஊதாத கல்யாணம் குறைவு. திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் போனை நீட்டி, "பெரியப்பா, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்றேன்.

"யார்ரா இது?"

"இத்தாலிக்காரங்க பாட்டு. நம்ம கூத்து மாதிரி அவங்களுக்கும் ஒண்ணு இருக்கு. பேச்சே கெடையாது, எல்லாமே பாட்டு. அதுல வர்ற பாட்டை இவர் கிளாரினெட்ல வாசிக்கிறார்."

"என்னா கதை?"

"ஒரு பிரபு சபையில கோமாளி. கூனன். எல்லாரையும் கேலி பண்ணிச் சிரிக்க வைக்கிறவன். அவனுக்கு ஒரே பொண்ணு, அந்தப் பொண்ணையே அந்தப் பிரபு கெடுத்துர்றான்."

பெரியப்பா போனை மடியில் வைத்துக்கொண்டார். "கட்டியங்காரனுக்கே கதையா? அதை எவனும் நம்மூர்ல போட்டதில்லையேடா" என்றார்.

1851-ல் வெனிஸில் முதலில் மேடையேறிய வெர்டியின் ஆப்பராவுக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

கூத்தைச் சொன்னது வாய்க்கு வந்த உவமைதான், ஆனால் யோசிக்க யோசிக்க அது பொருந்திக்கொண்டே போகிறது. எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் படித்து, ராத்திரியெல்லாம் கூத்து நடந்து, விடிந்தால் துரியோதனன் படுகளம். கூத்தில் மேளக்காரர்களோடு ஒரு முகவீணைக்காரர் உட்கார்ந்திருப்பார். கைக்கு அடக்கமான சின்னக் குழல். வேஷக்காரன் ஒரு அடி பாடி நிறுத்துவான், அந்த அடியை முகவீணை வாங்கித் திருப்பிச் சொல்லும். திரௌபதி கூந்தலை விரித்துப் போட்டு அழுகிற இடத்தில் பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் முகவீணை அழுதுவிட்டுப் போகும். ஆள் மாறி அழுததே யாருக்கும் தெரியாது.

பெரியப்பா இரண்டு நிமிடம் கேட்டார். வேகம் எடுக்கிற இடம் வந்ததும் முகம் மாறியது. "விரல் நல்லா ஓடுது" என்றார். அது பாராட்டு இல்லை. தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் வேலையில் சேர்ந்த செய்தி வந்தாலும் அதே குரலில்தான் "நல்லது" என்பார். "மொதல்ல ஒரு பாட்டு வாசிச்சானே, அதைப் போடு. அதுக்கு வார்த்தை என்னா?"

எனக்குத் தெரியாது.

"வார்த்தை தெரியாம எப்படிடா கேக்கறே நீ?"

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எனக்குப் பதினாறு வயதில், முகூர்த்தம் அதிகமாக இருந்த ஒரு வைகாசியில், இரண்டாவது கிளாரினெட் ஆள் வராமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், மாப்பிள்ளை அழைப்பு. சிவப்புக் கோட்டு எனக்கு முழங்கால் வரை தொங்கியது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டு. ஸ்வரம் ஒன்று தப்பாமல் வாசித்தேன். ஆனால் பல்லவியில் ஒரு சொல்லுக்கு நடுவே மூச்சை விட்டுவிட்டேன். ஒரு சொல் இரண்டு துண்டாகி, முதல் துண்டுக்கு வேறு ஒரு பொருள் வந்துவிட்டது. என்ன பொருள் என்பதை இங்கே எழுத முடியாது. குதிரை வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பையன்கள் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சரணத்தில் என் பங்கையும் சேர்த்து அவரே வாசித்தார். திரும்பி வரும்போது டெம்போவில் உட்கார்ந்து, "வாயில வார்த்தை இருக்கணும்டா. வல்லினம் வர்ற எடத்துல நாக்கு ரீடைத் தொடணும். மெல்லினத்துக்குத் தொடாதே, மூச்சை மட்டும் மாத்து. குழாய் பேசாது, ஆனா நீ பேசிக்கிட்டே ஊதணும்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை. வல்லினம் மெல்லினம் அவருக்கு இலக்கணமாக வரவில்லை, நாக்கின் நுனியில் இருந்தது.

பேண்டு செட்டுக்காரர்களை யாரும் பெரிய கலைஞர்களாகப் பார்ப்பதில்லை. டிரம்பெட் சத்தத்துக்கு நடுவே கிளாரினெட் கேட்பதும் இல்லை. ஆனால் ஒரு ஊர்வலத்தில் தெருவோடு நிற்கிற அத்தனை பேர் மனசிலும் பாட்டின் வார்த்தை ஏற்கனவே இருக்கிறது, வாசிக்கிறவன் அதைத் தட்டி எழுப்பினால் போதும். இத்தாலியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கதைதான். ஆப்பரா அரங்கத்துக்குள் போகக் காசில்லாதவர்கள் வெர்டியையும் தொனிஸெட்டியையும் கேட்டது ஊர்ச் சதுக்கத்தில் வாசித்த பேண்டில். திருவிழாவுக்கு வந்தவர்களுக்கும் சாமி ஊர்வலத்தின் பின்னால் போனவர்களுக்கும் ஆரியா அந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பாஸி போன்றவர்களின் ஃபேன்டசியா அதே பண்டத்துக்குக் கோட்டு சூட்டுப் போட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டவர்களுக்கும் வார்த்தை தெரியும். எனக்குத்தான் தெரியாது.

சரி, வார்த்தையைத் தேடினேன். ஒவ்வொரு பாட்டாக, பொருளோடு. இரவு கடையைச் சாத்திய பிறகு இதே வேலை. இத்தாலியச் சொல் கிட்டத்தட்ட எல்லாமே உயிர் ஓசையில் முடிகிறது, அது எனக்கு முதல் ஆச்சரியம். சொல்லின் கடைசியில் வாயை மூடாமலே அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். கிளாரினெட்டுக்கென்றே செய்த மொழி போல இருக்கிறது. பெல்லினியின் 'நோர்மா'வில் நிலவைப் பார்த்து ஒரு பூசாரிப் பெண் பாடுகிற 'காஸ்டா தீவா'வைக் கிளாரினெட்டில் கேட்டுப் பாருங்கள், 1831-ல் வந்தது. ஒரே இழையாகப் போய்க்கொண்டே இருக்கும். அதில் வேகம் காட்ட இடமே இல்லை, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். வேகம் காட்டுகிற ஃபேன்டசியாக்களில் பாதி எனக்குப் பொருட்காட்சி மரணக்கிணறுதான். ஒரு தடவை வாயைப் பிளந்து பார்க்கலாம், மறு தடவை சுண்டல் வாங்கப் போய்விடுவோம்.

குரலுக்குப் பதிலாக ஏன் கிளாரினெட் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்குக் குழாயிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நாதஸ்வரம் கீழே போகப் போக விரிகிற கூம்பு. அதில் அழுத்தி ஊதினால் சட்ஜம் மேல் சட்ஜத்துக்குப் போகும். கிளாரினெட் உள்ளே ஒரே அகலமான உருளை, வாய்ப்பக்கம் மூடியது போல நடந்துகொள்கிற குழாய். பின்னால் இடது கட்டைவிரல் சாவியை அழுத்தினால் சட்ஜம் மேல் சட்ஜத்துக்குப் போகாது, அதையும் தாண்டி அதற்கு மேலே இருக்கிற பஞ்சமத்தில் போய் நிற்கும். அதனால் கீழ்க்குரலும் மேல்குரலும் இரண்டு வேறு ஆட்கள் மாதிரி ஒலிக்கும். கீழே இருக்கிறவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற ஆம்பளை, மேலே இருப்பவள் தெளிந்த தொண்டைக்காரி. தனி வாத்தியமாக எடுத்து வாசிக்கிறவர்கள் அப்பா-மகள் பாட்டைக்கூட ஒரே குழாயில் இரண்டு பேராக வாசித்துக் காட்டுவது இந்த வசதியால்தான்.

ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கீழ்க்குரலின் கடைசி ஸ்வரங்களில் விரல் எல்லாம் எழுந்து குழாய் திறந்து கிடக்கும், சத்தம் மெலிந்து போகும். அடுத்த ஸ்வரத்துக்கு அத்தனை விரலும் ஒரே நேரத்தில் கீழே விழுந்து மூட வேண்டும், கட்டைவிரல் சாவியையும் சேர்த்து. ஒரு விரல் அரைக்கணம் பிந்தினால் வாத்துக் கத்தும். கற்றுக்கொள்கிறவன் மாதக்கணக்கில் அழுவது இந்த ஓர் இடத்தில்தான். பெரியப்பா இதை 'ஓடை' என்பார். 'ஓடையைத் தாண்டறது வெளியே தெரியக்கூடாது.' பாடகர்களுக்கும் நெஞ்சுக்குரலிலிருந்து தலைக்குரலுக்குப் போகிற ஓடை ஒன்று இருக்கிறது, அதை மறைக்கத்தான் அவர்களும் வருடக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். ஆரியாவை எழுதியவர்கள் அழுகை வருகிற இடத்தைப் பல நேரம் அந்த ஓடையை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேடிக்கொண்டே போனதில் இன்னொன்று கண்ணில் பட்டது. கிளாரினெட் பின்னாளில் வந்து குரலைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஆப்பரா எழுதியவர்களே, ஆள் தனியாகிப் போகிற நேரத்தில், பாட்டை அதனிடம் கொடுத்திருக்கிறார்கள். 'லா ஃபோர்ஸா தெல் தெஸ்தினோ'வில் காதலி இறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் இருட்டில் தனியே நிற்கிறான். அவன் வாயைத் திறக்குமுன் நீளமாக ஒரு கிளாரினெட் பேசும். 1862-ல் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் நடந்தபோது அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவில் இருந்தவர் கவல்லினி, அவருக்காகவே வெர்டி எழுதிய இடம் அது. 'லா டிராவியாட்டா'வில், காதலனின் அப்பா கேட்டுக்கொண்டதற்காக அவனை விட்டுப் போகத் தீர்மானித்த வயலெட்டா அவனுக்குக் கடைசிக் கடிதம் எழுதுகிறாள். எழுதும்போது பாட்டில்லை. பேனா ஓடுகிற நேரம் முழுக்கக் கிளாரினெட் மட்டும்.

அப்புறம் புச்சினியின் 'டோஸ்கா'. 1900-ல் ரோமில் வந்தது. மூன்றாவது அங்கம், கோட்டையின் மேல்தளம், விடியப் போகிறது. ஓவியன் ஒருவனைச் சுட்டுக்கொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. காவலனுக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, காதலிக்கு ஒரு கடிதம் எழுத அனுமதி வாங்குகிறான். இங்கேயும் கடிதம், இங்கேயும் கிளாரினெட். இரண்டு வரி எழுதுகிறான், பழசெல்லாம் ஞாபகம் வந்து பேனா நின்றுவிடுகிறது. கிளாரினெட் பாட்டைத் தொடங்குகிறது. அவன் அதற்கு அடியில், ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில், தனக்குத் தானே முணுமுணுக்கிறான்: நட்சத்திரங்கள் மின்னின, மண் மணத்தது, தோட்டத்துக் கதவு கிறீச்சிட்டது. பாடுகிறது குழாய், பேசுகிறவன் மனிதன். பிறகுதான் அவளுடைய முத்தம் ஞாபகம் வந்து, அதே பாட்டை அவன் குழாயிடமிருந்து வாங்கித் தன் குரலில் பாடுகிறான்.

இதன் பொருளைப் படித்த மறுநாள் கடையில் இதே ஆரியா, ஆர்கெஸ்ட்ராவோடு தனிக் கிளாரினெட்டாக ஓடியது. அதற்கு முன் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன், ஒரு சுற்றும் தப்பியதில்லை. அன்று நாற்பத்தொன்றில் கதவு கிறீச்சிட்டது. நாற்பத்திரண்டா, நாற்பத்து மூன்றா? பிரித்துப் போட்டேன். மறுபடி சுற்றினேன், மறுபடி அதே இடத்தில் தப்பியது. மோட்டாருக்குச் சொந்தக்காரர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். தக்காளிக்குத் தண்ணீர் விட்டு மூன்று நாளாகிவிட்டதாம். போனை அணைத்துவிட்டுச் சுற்றிக் கொடுத்தேன். இப்போது அந்தப் பாட்டு கடையில் ஓடுவதில்லை.

ஆனால் இந்தப் பாட்டைத் தனிக் கிளாரினெட்டுக்கு மாற்றி எழுதும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. மூலத்தில் முதல் தடவை குழாய், இரண்டாம் தடவை மனிதன். தனிக் கிளாரினெட் இரண்டையும் வாசித்தால் ஒரே ஆள் ஒரே கதையை இரண்டு தடவை சொன்னது போல ஆகிவிடும். முணுமுணுத்தவன் காணாமல் போகிறான். முதல் தடவையைச் செல்லோவிடமோ வேறு யாரிடமோ விட்டுவிட்டு, கிளாரினெட் அடியில் ஒரே ஸ்வரத்தில் கிடந்து, இரண்டாவது தடவைதான் எழ வேண்டும். நான் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன். காயில் கட்டுகிறவனிடம் யார் கேட்கப் போகிறார்கள். இதையும் பெரியப்பாவிடம் சொன்னேன். மூலத்தையே, பாடகரோடு, போடச் சொன்னார்.

இந்தத் தடவை கதை, வார்த்தை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மோதிரம் கொடுத்த இடத்தைக் கேட்டு, "பாவம்" என்றார். பாட்டு ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டார். கிளாரினெட் முடிந்து பாடகன் எடுத்தபோதும் கண் திறக்கவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பெரியம்மா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"யாருக்கு எழுதறான்னு சொன்னே?"

"காதலிக்கு, பெரியப்பா. அவளும் பாட்டுக்காரிதான்."

"முடிச்சானா?"

"இல்ல. பாதியில நிறுத்திட்டு அழறான்."

"அந்தக் கடுதாசி அவளுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?"

அதற்குள் அவளே மாடிக்கு வந்துவிடுகிறாள் என்றேன். அது அவருக்குப் போதவில்லை. மேசை மேல் பாதி எழுதின காகிதம் என்ன ஆனது என்று கேட்டார். அதைப் பற்றிக் கதையில் ஒன்றுமில்லை என்றேன்.

"மறுபடி போடு. குழாய் மட்டும் வர்ற எடம்."

போட்டேன். இரண்டு கையும் மடிக்குப் போனது. இடது கை மேலே, வலது கை கீழே, வேட்டியின் மேல் விரல்கள் இல்லாத துளைகளைத் தேடி உட்கார்ந்தன. பாட்டு ஏறியபோது ஒவ்வொன்றாக எழுந்தன. ஓரிடத்தில் எல்லா விரலும் காற்றில் நின்றன, பிறகு அத்தனையும் சேர்ந்து தொடையில் இறங்கின, சத்தமில்லாமல். டீயில் ஆடை படிந்துவிட்டது.